உயர் அழுத்தம் கொடுத்த இளநீரில் லிஸ்டீரியா: இந்த ஆர்.என்.ஏ. வரிசையாக்கத் திட்டம் தேறுமா?

#1 பெட்ரிதட்டு

வணக்கம். எம்.டெக். ஆய்வுத் திட்டம் இது. ஓட்டை எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள்.

லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் (உணவு வழிப் பரவும் நோய்க்கிருமி), ஸ்காட் ஏ என்ற திரிபு. பி.எச்.ஐ. என்ற வளர்ப்புக் குழம்பில் 37 டிகிரியில் இரவு முழுக்க வளர்த்து, கழுவி, ஆட்டோகிளேவ் செய்த இளநீரில் மில்லிக்கு 10⁹ செல் வரும்படி கலக்க வேண்டும். 10 மில்லி பவுச், 600 மெகாபாஸ்கல் அழுத்தம், 3 நிமிடம். பிறகு 4 டிகிரியில் வைப்பு. அழுத்தம் முடிந்த உடனே ஒரு மாதிரி, 24 மணி நேரத்தில் இன்னொன்று. கண்ட்ரோல் என்பது அழுத்தம் தராத அதே கலவை. எல்லாவற்றிலும் 3 ரெப்ளிகேட். ஆர்.என்.ஏ. எடுத்து வெளியில் வரிசையாக்கத்துக்குக் கொடுத்து, தரவை டீஸெக்2-ல் (எந்த மரபணு ஏறியது, எது இறங்கியது என்று ஒப்பிடும் மென்பொருள்) ஓட்டிப் பார்க்கலாம் என்று யோசனை.

தெரிந்துகொள்ள வேண்டியது: குளிர்பதனத்தில் மறுபடி தலைதூக்கும் செல்கள் எதைக் கொண்டு பிழைக்கின்றன? 600-ஐத் தேர்ந்தெடுத்த காரணம், தொழிற்சாலைகளில் வழக்கமாக ஓடுவது அதுதான்.

#2 ரீட்கவுண்ட்

வரிசையாக்கத்துக்கு முன்னால் ஒரு கேள்வி: நீங்கள் படிக்கப்போவது யாருடைய ஆர்.என்.ஏ.?

கணக்குப் போட்டுப் பாருங்கள். மில்லிக்கு 10⁹ செல். 5 லாக் (ஒரு லாக் என்றால் பத்தில் ஒன்றாகக் குறைவது) குறைந்தால் மிஞ்சுவது 10⁴. செல்லுக்கு 50 ஃபெம்டோகிராம் ஆர்.என்.ஏ. என்று தோராயமாக வைத்தால், பிழைத்தவற்றின் பங்கு அரை நானோகிராம். செத்தவற்றிடம் இருப்பது 50 மைக்ரோகிராம். லட்சத்தில் ஒரு பங்கு. மாதிரிக்கு 2 கோடி ரீடு (வரிசையாக்கக் கருவி படித்துத் தரும் துண்டு) வாங்கினாலும் உயிரோடு இருக்கும் செல்களிலிருந்து வருவது 200 ரீடு. லிஸ்டீரியாவில் ஏறத்தாழ 2,900 மரபணுக்கள். மரபணுவுக்கு ஒரு ரீடுகூடத் தேறாது.

செத்த செல்லின் எம்.ஆர்.என்.ஏ. (மரபணுவிலிருந்து எடுக்கும் செய்தி நகல்) சில நிமிடங்களில் அழிந்துவிடுமே என்று தோன்றும். உயிருள்ள செல்லில் அப்படித்தான். ஆனால் அதை அழிப்பதும் நொதிகள்தானே? அழுத்தத்தில் அவையும் அடிபடலாம். சில எம்.ஆர்.என்.ஏ. சீக்கிரம் சிதையும், சில அப்படியே கிடக்கும். டீஸெக்2-க்கு இந்த வித்தியாசம் தெரியாது. சீக்கிரம் சிதைந்ததை 'இறங்கியது' என்றும், கிடந்ததை 'ஏறியது' என்றும் நூற்றுக்கணக்கில் பட்டியல் போடும். பி மதிப்பு அழகாக இருக்கும், எரிமலை வரைபடம் அதைவிட அழகாக இருக்கும். அத்தனையும் பிணங்களின் சிதைவு வேகம். செல் எடுத்த முடிவு அதில் ஒன்றும் இல்லை.

#3 குளிர்சங்கிலி

ரீட்கவுண்ட் சொன்ன கணக்கு சரி. ஆனால் இதைக் கேட்டதும் எல்லோரும் செல்கள் அதிகம் சாகாத 200 மெகாபாஸ்கலுக்கு ஓடுவதுதான் எனக்குப் பிடிக்காத பழக்கம். 200-ல் செல்லுக்கு நடப்பதும் 600-ல் நடப்பதும் ஒன்றல்ல. ரைபோஸோம் (புரதம் செய்யும் அமைப்பு) பிரிவது 100 மெகாபாஸ்கல் அக்கம்பக்கத்திலேயே ஆரம்பித்துவிடும். சவ்வு நிரந்தரமாகக் கெடுவது, புரதங்கள் மீளமுடியாமல் உருக்குலைவது எல்லாம் அதற்கு வெகு மேலே. 200-ல் எடுத்த பட்டியலை வைத்து '600-ல் பிழைக்கும் வழி' என்று கட்டுரை எழுதுவது ஏமாற்று.

அது இருக்கட்டும், இயந்திரப் பக்கத்தில் இருக்கும் ஓட்டைகள்:

இளநீரை ஆட்டோகிளேவ் செய்யாதீர்கள். சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து பழுப்பாகிவிடும், நுண்ணுயிருக்கு அது வேறு உணவு. 0.45 மைக்ரான், பிறகு 0.22 மைக்ரான் வடிகட்டியில் விடுங்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் பி.எச். அளந்து எழுதி வையுங்கள். காயின் முற்றல் மாறினால் பி.எச். மாறும். பி.எச். மாறினால் சாவு எண்ணிக்கையும் மாறும்.

நீர்த்த உணவில் 100 மெகாபாஸ்கலுக்குச் சுமார் 3 டிகிரி சூடு ஏறும். 10 டிகிரியில் தொடங்கினால் 600-ல் 28 அருகே போய்விடும். தொடக்க வெப்பநிலை, ஏறும் நேரம், பிடிக்கும் நேரம், இறக்கும் நேரம் நான்கையும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பதிவு செய்யுங்கள். '600, 3 நிமிடம்' என்று மட்டும் எழுதினால் அதை யாராலும் திரும்பச் செய்ய முடியாது. ஏறவே 2 நிமிடம் எடுக்கும் இயந்திரத்தில் அந்த 2 நிமிடமும் சிகிச்சைதான்.

கண்ட்ரோல் பவுச்சும் அதே மாதிரி காற்று நீக்கி, சீல் வைத்து, அதே நீரில் அதே நேரம் கிடக்க வேண்டும். மூடிய பவுச்சில் ஆக்சிஜன் குறைவதே மரபணு வெளிப்பாட்டை மாற்றும்.

கடைசியாக, முக்கியமாக: உணவு ஓடும் இயந்திரத்தில் நோய்க்கிருமியை வைக்கவே கூடாது. பவுச் கிழிந்தால் பாத்திரத்து நீர் முழுக்கப் பரவும். இரண்டாம் நிலை உயிர்ப் பாதுகாப்பு உள்ள இடத்தின் ஆய்வக இயந்திரம் வேண்டும். பவுச்சுக்குள் பவுச், இடையில் குளோரின் நீர். முன்னோட்டம் எல்லாம் நோய் தராத உறவினமான லிஸ்டீரியா இன்னோகுவாவில் நடக்கட்டும்.

#4 ஆர்என்ஏஸ்_அலர்ஜி

பெட்ரிதட்டு, உங்கள் 'உடனே' எவ்வளவு நேரம்? அழுத்தம் இறங்கி, மூடி திறந்து, வெளிப் பவுச்சைத் துடைத்து, கேபினட்டுக்குள் கொண்டுபோய் வெட்டுவதற்குள் 5 முதல் 10 நிமிடம் ஆகிவிடும். பாக்டீரிய எம்.ஆர்.என்.ஏ. பலவற்றின் அரை ஆயுளைவிட அது அதிகம். அதனால் ஒரு நேரத்தை முடிவு செய்துகொண்டு, உதாரணமாக 8 நிமிடம், கண்ட்ரோல் உட்பட எல்லாப் பவுச்சையும் சரியாக அந்த நிமிடத்தில் நிலைநிறுத்துங்கள் (ஆர்.என்.ஏ. அதற்குமேல் மாறாமல் நிறுத்துவது). கட்டுரையிலும் '8 நிமிடம்' என்றே எழுதுங்கள்.

நிலைநிறுத்த இரண்டு வழி. ஆர்.என்.ஏ. புரொடெக்ட் பாக்டீரியா திரவம் என்றால் மாதிரிக்கு இரண்டு மடங்கு. 10 மில்லி பவுச்சுக்கு 20 மில்லி ஊற்றினால் கையிருப்பு ஒரே நாளில் காலி. பவுச்சை 2 மில்லியாகக் குறையுங்கள். அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகத்தான் பரவும், அளவு சின்னதானால் நட்டமில்லை. மலிவு வழி, எத்தனாலில் 5 சதவீதம் ஃபீனால் கலந்த கரைசல், மாதிரியில் ஐந்தில் ஒரு பங்கு. பனிக்கட்டியில் போட்டுவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். குளிர் அதிர்ச்சி மரபணுக்கள்தான் பட்டியலின் தலையில் வந்து உட்காரும்.

அடுத்தது செல்லை உடைப்பது. செல்சுவரை வெட்டும் நொதியான லைசோசைமை மட்டும் நம்பினால் லிஸ்டீரியா உடையாது. அதன் செல்சுவரின் பெப்டிடோகிளைக்கானில் அசிட்டைல் தொகுதிகள் நீக்கப்பட்டிருக்கும், லைசோசைம் அதில் சரியாக வேலை செய்யாது. 0.1 மில்லிமீட்டர் சிர்கோனியா மணிகள், 45 நொடி வீதம் இரண்டு முறை, நடுவில் பனிக்கட்டி. மியூட்டனோலைசின் என்ற இன்னொரு நொதியும் சேர்த்தால் இன்னும் நல்லது. இதில் ஒரு பொறி இருக்கிறது: அழுத்தம் பட்ட செல்லின் சுவர் ஏற்கெனவே தளர்ந்திருக்கும், கண்ட்ரோல் செல் கெட்டியாக இருக்கும். அரைகுறையாக உடைத்தால் இரண்டிலும் வெவ்வேறு அளவு ஆர்.என்.ஏ. வரும். உடைத்த பிறகு நுண்ணோக்கியில் ஒரு சொட்டு பாருங்கள், முழுச் செல் மிச்சம் இருக்கிறதா என்று.

டி.என்.ஏ.வை அழிக்கும் டி.என்.ஏஸ் போட்டபின், டி.என்.ஏ. மிச்சமில்லை என்று காட்ட, ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்க்காத ஒரு பி.சி.ஆர். அவசியம். ஆர்.என்.ஏ.வின் தரக் குறியீடு 8-க்கு மேல் இருந்தால் நிம்மதி. அழுத்த மாதிரிகளில் மட்டும் 6-க்கு இறங்கினால் அந்த மாதிரியைத் தூக்கி எறிந்துவிட்டு நகராதீர்கள், ரீட்கவுண்ட் சொன்ன சிதைவுதான் கண்முன்னே தெரிகிறது.

#5 பெட்ரிதட்டு

நன்றி மேடம், நன்றி அண்ணா. இரண்டு சந்தேகம். ஒன்று, செத்ததையும் உயிருள்ளதையும் புளோ சைட்டோமீட்டரில் (செல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரிக்கும் கருவி) பிரித்துவிட்டு ஆர்.என்.ஏ. எடுத்தால்? இரண்டு, பி.எம்.ஏ. சாயம் போட்டால் செத்தவை மறைந்துவிடாதா?

#6 சகதி

பி.எம்.ஏ. டி.என்.ஏ.வுக்கு ஆனது. 50 மைக்ரோமோலார், இருட்டில் 5 முதல் 10 நிமிடம், நீல ஒளியில் 15 நிமிடம். சவ்வு கிழிந்த செல்லுக்குள் புகுந்து டி.என்.ஏ.வோடு பிணைந்துவிடும், அப்புறம் பி.சி.ஆரில் அது பெருகாது. ஆர்.என்.ஏ. வரிசையாக்கத்துக்கு இதை நம்ப முடியாது. அந்த அரை மணி நேரத்தில் உயிருள்ள செல்லின் வெளிப்பாடும் மாறியிருக்கும்.

டி.என்.ஏ.வுக்கே இதில் வரம்பு உண்டு. சாயம் பார்ப்பது சவ்வை மட்டும். நடுத்தர அழுத்தத்தில் சவ்வு முழுசாக இருந்தும் வளர முடியாமல் போகும் செல்கள் இருக்கும், சாயம் அவற்றை உயிருள்ளவை என்று விட்டுவிடும். துடிப்பு மின்புலத்தில் (அழுத்தத்துக்குப் பதில் மின் துடிப்பால் கிருமியைக் கொல்லும் முறை) நேர் எதிர்: துளை விழுந்து மறுபடி மூடிக்கொள்ளும் செல்லை, துளை திறந்திருக்கும் நேரத்தில் சாயமிட்டால் செத்தது என்று கணக்கு வைக்கும். ஒரே சாயம், இரண்டு தொழில்நுட்பத்தில் இரண்டு திசையில் தவறும்.

புளோவில் பிரிப்பதும் அதே சவ்வுக் கேள்விதான். பத்தாயிரத்துக்கு ஒன்று உயிரோடு இருந்தால் தேவையான செல்லைச் சேர்க்கவே மணிக்கணக்கில் ஓட வேண்டும். முதலில் நிலைநிறுத்திவிட்டுப் பிரிக்கலாமே என்றால், நிலைநிறுத்தும் கரைசல் எல்லாச் சவ்வையும் திறந்துவிடும், அத்தனை செல்லும் செத்ததாகவே தெரியும்.

#7 ரீட்கவுண்ட்

குளிர்சங்கிலி அண்ணாவுக்குப் பதில். 200-க்கு ஓடச் சொல்லவில்லை. உங்கள் பாக்டீரியா, உங்கள் இளநீர், உங்கள் இயந்திரம் மூன்றையும் வைத்து 200, 300, 400, 500, 600 ஐந்திலும் சாவு வளைகோடு எடுக்கட்டும். ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு தட்டில்: ஈஸ்ட் சாறு சேர்த்த டிரிப்டிக் சோயா அகார், அதே அகாரில் 4 முதல் 5 சதவீதம் உப்பு. உப்பில்லாததில் வளர்ந்து உப்பில் வளராதவை காயம்பட்டவை. 37 டிகிரியில் 24 மணி நேரத்தில் எண்ணிவிடாதீர்கள், காயம்பட்டவை 72 மணி நேரம்வரை எடுக்கும்.

உப்பில்லாத தட்டில் சாவு அரை லாக்கைத் தாண்டாமல், உப்புத் தட்டில் நல்ல வித்தியாசம் தெரியும் அழுத்தம் எதுவோ அதுதான் ஆர்.என்.ஏ.வுக்கான அழுத்தம். அரை லாக் என்றால் மூன்றில் ஒரு பங்கு உயிரோடு இருக்கிறது, சமிக்ஞை கையில் இருக்கிறது. 1 லாக் என்றாலே பத்தில் ஒன்பது ரீடு செத்தவற்றினுடையதாக இருக்கலாம். அந்த ஆய்வு பதில் சொல்லும் கேள்வி 'காயம்பட்ட செல் எப்படித் தன்னைச் சரிசெய்கிறது' என்பது. '600-ல் யார் பிழைக்கிறார்கள்' என்பது தனிக் கேள்வி, அதற்குக் கருவியும் தனி.

#8 குளிர்சங்கிலி

இப்படிக் கேள்வியைப் பிரித்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. தலைப்பிலும் அப்படியே பிரித்து எழுத வேண்டும்.

#9 தாவும்மரபணு

அந்தத் தனிக் கருவி பற்றி. பிழைப்பதுதான் கேள்வி என்றால் பிழைத்தவற்றின் டி.என்.ஏ.வைப் படியுங்கள். டிரான்ஸ்போசான் (மரபணுத்தொகைக்குள் தாவிச் செருகிக்கொள்ளும் டி.என்.ஏ. துண்டு) வரிசையாக்கம் அதற்குத்தான். மரைனர் வகை டிரான்ஸ்போசான் டி.ஏ. என்ற இரண்டு எழுத்து உள்ள இடங்களில் செருகி, அங்கே இருக்கும் மரபணுவைக் கெடுக்கும். லிஸ்டீரியா மரபணுத்தொகையில் ஜி, சி எழுத்துகள் 38 சதவீதம்தான், செருகும் இடத்துக்குப் பஞ்சமே இல்லை. 50,000 திரிபுகள் கொண்ட ஒரு நூலகம் (வெவ்வேறு இடத்தில் செருகல் விழுந்த செல்களின் தொகுப்பு) செய்து, அழுத்தம் கொடுத்து, பிழைத்தவற்றைக் குழம்பில் சில தலைமுறை வளரவிட்டு டி.என்.ஏ. எடுங்கள். வளரும்போது செத்தவற்றின் டி.என்.ஏ. நீர்த்துப்போகும். ஆர்.என்.ஏ.வில் தலைவலியாக இருந்த விஷயம் இங்கே தானாகத் தீர்ந்தது.

கெடுவது எங்கே என்றால், கழுத்து இறுக்கத்தில். 10⁹ செல்லில் 5 லாக் கொன்றால் மிஞ்சும் 10⁴, நூலகத்தின் 50,000-ஐவிடக் குறைவு. எந்தத் திரிபு மறைந்தாலும் அது பலவீனத்தாலா தற்செயலாலா என்று சொல்ல முடியாது. திரிபுக்கு 100 செல்லாவது மிஞ்ச வேண்டும், அதாவது 5×10⁶. ஆகவே 10⁹-ல் தொடங்கினால் சாவு 2 லாக்கோடு நிற்க வேண்டும். இல்லையென்றால் பல பவுச்சுகளைச் சேர்த்துத் தொடக்க எண்ணிக்கையை ஏற்ற வேண்டும். அழுத்தம் தராமல், அதே பி.எச்.சில், அதே தலைமுறை வளர்ந்த நூலகம்தான் கண்ட்ரோல். அது இல்லாமல் செய்தால் மெதுவாக வளரும் திரிபுகள் எல்லாம் 'அழுத்தத்தில் பலவீனம்' என்ற பெயரில் வந்து நிற்கும்.

நூலகம் கட்டும் வசதி இல்லையென்றால் பழைய வழியே போதும். அழுத்தம், வளர்ப்பு, மறுபடி அழுத்தம் என்று திரும்பத் திரும்பச் செய்து தாங்கும் திரிபைத் தேர்ந்தெடுத்து, முழு மரபணுத்தொகையையும் படிப்பது. பெல்ஜியத்தின் லூவன் குழு 1997-ல் இப்படித்தான் ஈ.கோலையில் அழுத்தம் தாங்கும் திரிபுகளைப் பிரித்தது. லிஸ்டீரியாவில் அழுத்தம் தாங்கிய ஸ்காட் ஏ திரிபு ஒன்றில் சி.டி.எஸ்.ஆர். என்ற அடக்கி மரபணுவில் ஒரே ஒரு கிளைசின் கோடான் காணாமல் போயிருந்தது. அந்த அடக்கி கட்டுப்படுத்துவது கிளிப் வகைப் புரதச் சீரமைப்பு மரபணுக்களை. நீங்களும் அதே ஸ்காட் ஏ வைத்திருப்பதால் ஆர்.என்.ஏ. தரவில் கிளிப் இ, கிளிப் பி ஏறுகிறதா என்பது கைவசம் இருக்கும் சோதனை. அவை ஏறவே இல்லை என்றால் உயிரியலைச் சந்தேகிக்கும் முன் உங்கள் மாதிரியைச் சந்தேகியுங்கள்.

இயற்கைத் திரிபுகளை ஒப்பிட்டும் இதே மாதிரி பலன் கிடைத்திருக்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் வெப்பம் தாங்கும் ஈ.கோலைகளின் மரபணுத்தொகைகளை மற்றவற்றோடு ஒப்பிட்டுத்தான் வெப்ப எதிர்ப்புத் தீவு என்ற பகுதியைக் கண்டார்கள். ஒரு ஆர்.என்.ஏ. மாதிரிகூட அதற்குத் தேவைப்படவில்லை.

#10 மாஸ்பெக்_மங்கை

புரதவியல் பற்றி யாரும் பேசவில்லையே. பேசாததும் ஒருவிதத்தில் நியாயம்தான். எம்.ஆர்.என்.ஏ. நிமிடக் கணக்கு, புரதம் மணிக் கணக்கு, குளிரில் நாள் கணக்கு. 4 டிகிரியில் 24 மணி நேரத்தில் லிஸ்டீரியா ஒரு முறை பிரிந்தாலே பெரிது. பழைய புரதம் அப்படியே இருக்கும், செத்த செல்லின் புரதமும் அதோடு கலந்திருக்கும். சாதாரண ஒப்பீட்டில் வித்தியாசம் தெரியாது, தெரிந்தால் அநேகமாகக் கசிந்து வெளியேறிய புரதங்களாக இருக்கும். சுழற்றிப் பிரித்த செல் பெல்லட்டோடு மேல்திரவத்தையும் தனியாக ஓட்டினால் அது புரியும்.

புதிதாகச் செய்த புரதத்தை மட்டும் பிடிக்க அசைடோஹோமோஅலனின் என்ற செயற்கை அமினோ அமிலம் ஊட்டலாம். மெத்தியோனினுக்குப் பதிலாக அதை எடுத்துக்கொள்ளும் செல் உயிருள்ள செல் மட்டுமே, பிணம் புரதம் செய்யாது. செத்தவற்றை ஓரங்கட்ட இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் ஊடகத்தில் மெத்தியோனின் இருந்தால் செல் அதைத்தான் எடுக்கும். இளநீரில் அப்படியே ஊட்டாமல், மெத்தியோனின் இல்லாத வரையறுத்த ஊடகத்துக்கு மாற்றி மீட்சியைப் பார்க்க வேண்டும்.

இளநீர் எடுத்தது புத்திசாலித்தனம். பாலில் லிட்டருக்கு 26 கிராம் அளவில் கேசின் இருக்கும். சிட்ரேட் போட்டுக் கரைத்துக் கழுவினாலும் மாஸ் ஸ்பெக்ட்ரத்தில் பாதி நேரம் பசுவின் புரதத்தைத்தான் அளந்துகொண்டிருப்போம்.

#11 ஆர்என்ஏஸ்_அலர்ஜி

ஒன்றை எல்லோரும் தாண்டிப் போய்விட்டோம். 37 டிகிரியில் வளர்த்து 4 டிகிரிக்கு மாற்றினால் தரவில் வரும் மிகப் பெரிய சமிக்ஞை குளிர்தான், அழுத்தம் அதற்குக் கீழே புதைந்துவிடும். 8 டிகிரியிலேயே நிலை கட்டம்வரை (பெருக்கம் நின்றுபோகும் கட்டம்) வளர்த்து, 8 டிகிரியிலேயே வையுங்கள். நாட்கள் கூடும், பரவாயில்லை. குளிரில் வளர்ந்த லிஸ்டீரியாவின் சவ்வில் ஆன்டிஐசோ 15 கார்பன் கொழுப்பமிலம் கூடியிருக்கும், அதனால் அழுத்தம் தாங்கும் திறனும் வேறு. சாவு வளைகோட்டையும் 8 டிகிரிச் செல்லில்தான் எடுக்க வேண்டும்.

#12 ரீட்கவுண்ட்

பகுப்பாய்வில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் விரித்துச் சொல்கிறேன், மற்றதெல்லாம் கையேட்டில் இருக்கிறது.

டீஸெக்2 பெரும்பாலான மரபணுக்கள் மாறவில்லை என்று எடுத்துக்கொண்டு மாதிரிகளைச் சமப்படுத்தும். அழுத்தத்துக்குப் பின் செல்லின் மொத்த எம்.ஆர்.என்.ஏ.வே பத்தில் ஒன்றாகச் சரிந்திருந்தால்? சரியாமல் இருந்த கொஞ்சம் மரபணு 'பத்து மடங்கு ஏறியது' என்று வெளியே வரும். அதனால் செல்லை உடைக்கும் கரைசலிலேயே இ.ஆர்.சி.சி. கலவையைச் சேருங்கள். அளவு அறிந்த 92 செயற்கை ஆர்.என்.ஏ.க்கள் அதில் உண்டு. பிரித்தெடுத்த ஆர்.என்.ஏ.வின் எடைக்கு ஏற்பச் சேர்த்தால் பயனே இல்லை. அழுத்தத்துக்கு முன் பவுச்சில் இருந்த செல் எண்ணிக்கைக்கு ஏற்பச் சேர்க்க வேண்டும், அதாவது எல்லாப் பவுச்சுக்கும் ஒரே அளவு. அப்போதுதான் செல் ஒன்றுக்கு எவ்வளவு என்று சொல்ல முடியும்.

ரெப்ளிகேட் 4 ஆக்குங்கள். நான்கும் தனித்தனி நாளில் வளர்த்து, தனித்தனியாக இயந்திரத்தில் ஓட்டியவையாக இருக்க வேண்டும். ஒரே வளர்ப்பை நான்கு பவுச்சாகப் பிரிப்பது நான்கு ரெப்ளிகேட் ஆகாது. மாதிரி வரைவில் நாளையும் ஒரு காரணியாகச் சேருங்கள். ஆர்.என்.ஏ. எடுக்கும் வரிசையைக் கலைத்துப் போடுங்கள், அழுத்தம் எல்லாம் திங்கள், கண்ட்ரோல் எல்லாம் செவ்வாய் என்று ஆகிவிடக் கூடாது.

ஒப்பிடும் மரபணுத்தொகை உங்கள் திரிபினுடையதாக இருக்கட்டும். 2001-ல் மரபணுத்தொகை வெளியான ஈ.ஜி.டி.-இ என்ற திரிபு 1/2ஏ வகை, ஸ்காட் ஏ 4பி வகை. ஈ.ஜி.டி.-இ மேல் பொருத்தினால் ஸ்காட் ஏ-க்கே உரிய மரபணுக்கள் சத்தமில்லாமல் விழுந்துவிடும்.

#13 பெட்ரிதட்டு

திருத்திய திட்டம்:

8 டிகிரியில் நிலை கட்டம்வரை வளர்ப்பு, வடிகட்டிய இளநீர், 2 மில்லி இரட்டைப் பவுச், மில்லிக்கு 10⁹. ஐந்து அழுத்தத்தில் சாவு வளைகோடு, இரண்டு தட்டு, 72 மணி நேரம். அரை லாக்குக்குள் நிற்கும் அழுத்தத்தில் ஆர்.என்.ஏ.: 8 நிமிடம், 1 மணி, 24 மணி. அழுத்தம், கண்ட்ரோல் இரண்டுக்கும் 4 ரெப்ளிகேட், மொத்தம் 24 வரிசையாக்க நூலகங்கள் (வரிசையாக்கத்துக்குத் தயார்செய்த மாதிரிகள்). 600-க்கு ஆர்.என்.ஏ. கிடையாது, அங்கே திரும்பத் திரும்ப அழுத்தம் கொடுத்துத் தாங்கும் திரிபுகளைத் தேர்ந்தெடுத்து மரபணுத்தொகை வரிசையாக்கம் மட்டும்.

வழிகாட்டி இன்னொன்றும் கேட்கிறார்: வடிகட்டாத இளநீரில் இயல்பாக இருக்கும் நுண்ணுயிர்க் கூட்டம் அழுத்தத்துக்குப் பின் எப்படி மாறுகிறது என்று 16எஸ் (பாக்டீரியா இனங்களை அடையாளம் காட்டும் ரைபோஸோம் மரபணு) வைத்துப் பார்க்கச் சொல்கிறார். அது எளிதுதானே?

#14 சகதி

வேலை எளிது, அர்த்தப்படுத்துவதுதான் கஷ்டம். முதலில், வடிகட்டாத இளநீரில் தென்னையின் செல் துணுக்குகள் இருக்கும். பசுங்கணிகத்திலும் மைட்டோகாண்ட்ரியாவிலும் பாக்டீரியாவை ஒத்த 16எஸ் இருப்பதால் 16எஸ்-ன் வி3-வி4 பகுதிக்கான பிரைமர் அதையும் பெருக்கும். அவற்றைத் தடுக்கும் பி.என்.ஏ. கவ்விகள் சேர்க்காவிட்டால் ரீடில் பெரும்பகுதி தென்னை மரமாகவே இருக்கலாம்.

அடுத்து, அழுத்தத்துக்குப் பின் பாக்டீரியா டி.என்.ஏ. மிகக் குறைவு. அப்போது கிட்டிலும் நீரிலும் இருக்கும் மாசு மேலே வரும். ரால்ஸ்டோனியா, பிராடிரைசோபியம் எல்லாம் 'அழுத்தம் தாங்கும் இளநீர் பாக்டீரியா' என்று பட்டியலில் வந்தால் அது கிட்டின் சரக்கு. ஒவ்வொரு பிரித்தெடுப்புத் தொகுதியிலும் வெற்று மாதிரி ஒன்று வைத்து, அதையும் வரிசையாக்கத்துக்கு அனுப்புங்கள். பி.சி.ஆரில் பட்டை வரவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

விகிதம் மட்டும் போதாது, கியூ.பி.சி.ஆர். (டி.என்.ஏ. அளவை எண்ணும் பி.சி.ஆர்.) வைத்து மொத்த எண்ணிக்கையும் வேண்டும். மற்றவை செத்து லூக்கோநாஸ்டாக் என்ற பாக்டீரியா மட்டும் அப்படியே இருந்தால், அது பெருகியது போல வரைபடத்தில் ஏறும். இளநீர் தெளிவாக இருப்பதால் பி.எம்.ஏ.வின் ஒளி நன்றாக ஊடுருவும், போடுங்கள், போடாத ஜோடியும் வையுங்கள். லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் இருக்கிறதா என்பதற்கு 16எஸ்-ஐ நம்பாதீர்கள், இன்னோகுவாவிலிருந்து அதைப் பிரித்துக் காட்டாது.

ஸ்போர்களும் (சில பாக்டீரியாவின் உறங்கும் கெட்டி வடிவம்) நினைவில் இருக்கட்டும். இளநீர் அமிலம் குறைந்த பானம், சாதாரண வெப்பநிலையில் 600 மெகாபாஸ்கல் ஸ்போரைக் கொல்லாது. மணி போட்டு உடைக்காத கிட்டில் ஸ்போரின் டி.என்.ஏ. வெளியே வராது, பி.எம்.ஏ.வும் உள்ளே போகாது. தரவில் ஸ்போர் உண்டாக்கும் பேசில்லஸ் இல்லை என்பதால் பானத்தில் இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

#15 பெட்ரிதட்டு

குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று: வரிசையாக்க நிறுவனத்தின் படிவத்தில் 'எம்.ஆர்.என்.ஏ. நூலகம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுக்கலாமா?

#16 ஆர்என்ஏஸ்_அலர்ஜி

வேண்டாம்! அது பெரும்பாலும் பாலி-ஏ வால் பிடித்து இழுக்கும் முறை, மனிதன், செடி, எலிக்கானது. பாக்டீரிய எம்.ஆர்.என்.ஏ.வில் அப்படிப் பிடிக்கத்தக்க வால் கிடையாது. 'பாக்டீரியா, ரைபோஸோம் ஆர்.என்.ஏ. நீக்கம், இழைத்திசை காக்கும் நூலகம்' என்று கையால் எழுதுங்கள். எந்த நீக்கக் கிட், அது கிராம் பாசிட்டிவுக்கு ஆகுமா என்று மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். இ.ஆர்.சி.சி. சேர்த்திருப்பதையும் சொல்லிவிடுங்கள், அவர்கள் தங்கள் பங்குக்கு இன்னொரு முறை சேர்த்துவிட்டால் கணக்கு போச்சு. மாதிரிக்கு 1 கோடி ஜோடி ரீடு கேளுங்கள். நீக்கம் சுமாராக வந்தாலும் அதில் சமாளித்துவிடலாம். 24 மாதிரியையும் மொத்தமாக அனுப்பும் முன் ஒரு கண்ட்ரோல், ஒரு அழுத்த மாதிரி மட்டும் அனுப்பி, ரைபோஸோம் எத்தனை சதவீதம் மிஞ்சுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.